கார்டு தேய்க்க யாருக்கு அனுமதி?

இது எபிசோடோட திருத்திய எழுத்து வடிவம். நடுவுல வந்த "ம்ம்", "அதாவது" எல்லாத்தையும் எடுத்தாச்சு, மத்தபடி பேசின மாதிரியேதான் இருக்கும்.

இன்னைக்கு ஒரு சின்ன வெள்ளை பிளாஸ்டிக் சதுரத்தைப் பத்திப் பேசப்போறோம். தபால் தலையை விடக் கொஞ்சம் பெருசு. போனோட ஹெட்போன் ஜாக்கில் செருகினா, போனே கார்டு மிஷின் ஆயிடும். பேரு ஸ்கொயர் ரீடர். 2010-ல் அமெரிக்காவுல கடைக்காரங்க கைக்கு வந்தது.

கதை ஆரம்பிக்கிறது 2009-ல், செயின்ட் லூயிஸ் நகரத்துல. ஜிம் மெக்கெல்வின்னு ஒருத்தர். உலைக்குப் பக்கத்துல நின்னு கண்ணாடியை ஊதி உருவம் கொடுக்கிற கலைஞர், கூடவே கம்ப்யூட்டர் ஆளும். பனாமாவில் இருக்கிற ஒரு பெண்மணி, அவர் கண்ணாடியில் செஞ்ச ஒரு குளியலறைக் குழாயை வாங்க போன்ல கேக்கறாங்க. விலை 2,000 டாலர் அளவுல. பேச்சு முடிஞ்சது, பணம் கட்டறதுதான் பாக்கி. அவங்க கிட்ட இருந்தது அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்டு. மெக்கெல்வியால் அந்தக் கார்டை ஏத்துக்க முடியாது. வியாபாரம் போச்சு. கையில் இருந்த ஐபோனைப் பாத்து, "இது மேப் ஆகுது, புத்தகம் ஆகுது, கார்டு மிஷின் மட்டும் ஏன் ஆகலை"ன்னு யோசிச்சதா அவரே பல இடத்துல சொல்லியிருக்கார். அப்புறம் பழைய நண்பர் ஒருத்தர் கூடச் சேர்ந்தார். பதினஞ்சு வயசுல மெக்கெல்வியோட கம்பெனியில் இன்டர்னா இருந்த பையன், ட்விட்டரை உருவாக்கின ஜாக் டோர்சி.

ஸ்டார்ட்அப் பிறந்த கதைகளை எப்பவும் கொஞ்சம் தள்ளுபடி போட்டுத்தான் கேக்கணும். ஆனா இந்தக் கதையில் எனக்குப் பிடிச்ச விஷயம் அதுல இருக்கிற ஓட்டைதான். அந்தம்மா இருந்தது பனாமாவில். கார்டும் அங்கேதான். செயின்ட் லூயிஸ்ல எத்தனை ரீடரைச் செருகினாலும் பனாமாவில் இருக்கிற கார்டை எப்படித் தேய்க்கிறது? அந்த விற்பனையைத் தடுத்தது மிஷின் இல்லாதது இல்ல. அந்தக் கார்டை ஏத்துக்கிற அனுமதி அவர் கிட்ட இல்லாததுதான்.

இந்த வித்தியாசத்தைப் பிடிச்சுக்கிட்டா, கார்டு மிஷினோட வரலாறு முழுக்க வேற மாதிரி தெரியும். மேலோட்டமா பாத்தா அது கருவி சின்னதாகிக்கிட்டே வந்த கதை. உள்ளே, "ஏமாந்தா நஷ்டம் யார் தலையில"ங்கிற ஒரே சண்டைதான் திரும்பத் திரும்ப நடக்குது.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1958 செப்டம்பர், கலிஃபோர்னியாவில் ஃபிரெஸ்னோங்கிற ஊர். பேங்க் ஆஃப் அமெரிக்கா அந்த ஊர் மக்களுக்கு யாரும் கேக்காமலேயே 60,000 கிரெடிட் கார்டை தபால்ல அனுப்புச்சு. பின்னாடி விசான்னு பேர் மாறினது இந்தக் கார்டுதான். திட்டம் மத்த ஊர்களுக்கும் பரவுச்சு. 4 சதவீதம் பேர் கட்டாம விடுவாங்கன்னு வங்கி கணக்குப் போட்டிருந்தது. வந்தது 22 சதவீதம். கூடவே திருட்டு, போலி, எல்லாம்.

அப்போ கடையில் கம்ப்யூட்டர் கிடையாது. கார்டை ஒரு இரும்புப் பலகையில் வச்சு, மேலே கார்பன் தாள் வச்ச சீட்டைப் போட்டு, கைப்பிடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுப்பாங்க. கார்டுல எழும்பி நிக்கிற நம்பர் சீட்டுல பதியும். அந்தக் கார்டு திருடினதா இல்லையான்னு எப்படித் தெரியும்? திருடு போன கார்டு நம்பர்களைப் பொடி எழுத்துல அச்சடிச்ச புத்தகம் கடைக்கு வரும். கல்லாவில் இருக்கிறவர் அதைப் புரட்டிப் பாக்கணும். தொகை ஒரு வரம்பைத் தாண்டினா போன் பண்ணி அனுமதி கேக்கணும். பின்னாடி வரிசையில் நிக்கிறவங்க முகத்தை நீங்களே கற்பனை பண்ணிக்கோங்க.

1960-களில் ஐபிஎம் பொறியாளர் ஃபாரஸ்ட் பாரி, பிளாஸ்டிக் அட்டையில் காந்த நாடாவை ஒட்டப் பாக்கறார். எந்தப் பசை போட்டாலும் நாடா சுருங்குது, பதிவு கெடுது. வீட்டுக்கு வந்தப்போ மனைவி டொரோத்தியா துணிக்கு இஸ்திரி போட்டுக்கிட்டு இருக்காங்க. "இஸ்திரிப் பெட்டியால ஒட்டிப் பாருங்களேன்"னு சொன்னது அவங்கதான். ஒட்டிக்கிச்சு. ஐபிஎம்மே இதைத் தன் வரலாற்றில் சொல்லுது. கார்டு பின்னாடி இருக்கிற அந்தக் கறுப்புப் பட்டை அப்படி வந்தது. 1981-ல் ஹவாயில் வெரிஃபோன்னு ஒரு கம்பெனி தொடங்கி, போன் லைன்ல தானா டயல் பண்ணி அனுமதி கேக்கிற பெட்டியைக் கடை கடையா கொண்டுபோச்சு. தடிமனா, பட்டன் வச்சு, காகிதச் சுருள் துப்புற பெட்டி. நாம "ஸ்வைப்பிங் மிஷின்"னு சொல்றது அதோட வம்சம்தான்.

பெட்டி வந்தாலும் கேள்வி அப்படியே இருந்தது. எந்தக் கடைக்கு அதைக் கொடுக்கிறது?

இந்த இடத்துல பண ஓட்டத்தைக் கொஞ்சம் பாக்கணும். நீங்க ஒரு கடையில் கார்டு தேய்க்கறீங்க. கடைக்காரரோட வங்கி அவருக்குப் பணத்தைக் கொடுத்துடுது. ரெண்டு மாசம் கழிச்சு நீங்க உங்க வங்கிக்கு எழுதறீங்க: "பொருள் வரவே இல்ல." பணம் உங்களுக்குத் திரும்பணும். இதுக்குப் பேரு சார்ஜ்பேக். கடைக்காரர் கிட்ட இருந்து எடுப்பாங்க. அவர் கடையை மூடிட்டு ஊரை விட்டே போயிருந்தா? அவரோட வங்கி கையை விட்டுக் கட்டணும். அதனால வங்கியோட பார்வையில், கார்டு ஏத்துக்கிற ஒவ்வொரு கடையும் அது கொடுத்திருக்கிற ஒரு கடன் மாதிரி.

கடன்னா என்ன பண்ணுவாங்க? ஜாதகமே பாப்பாங்க. கடைக்கு முகவரி இருக்கா, எத்தனை வருஷமா நடக்குது, உங்க கிரெடிட் ஸ்கோர் என்ன. அப்புறம் ஒப்பந்தம், மாசக் கட்டணம், குறைஞ்சபட்சக் கட்டணம், நடுவுல நிறுத்த முடியாத மிஷின் வாடகை. ஞாயித்துக்கிழமை சந்தையில் மெழுகுவர்த்தி விக்கிறவங்க, வீட்டுக்கு வந்து பியானோ சொல்லித்தர்றவங்க, டாக்ஸி ஓட்டறவங்க எல்லாம் இந்த வாசலைத் தாண்டவே முடியல. அவங்க வாடிக்கையாளர் பையில் கார்டு இருக்கு. இவங்க கிட்ட அதை வாங்க வழி இல்ல.

சரி, இப்போ அந்த வெள்ளைச் சதுரத்துக்கு வருவோம். என்னை மாதிரி ஆளுங்களுக்கு இதுதான் இனிப்பு.

முதல் ரீடருக்குள்ளே பேட்டரி கிடையாது. மூளையும் கிடையாது. டேப்ரெக்கார்டர்ல இருக்கிற மாதிரி ஒரு ஹெட், அவ்வளவுதான் சொல்லணும். காந்தப் பட்டை ஹெட்டை உரசிப் போகும்போது காந்தப்புலம் மாறுது. புலம் மாறினா கம்பிச் சுருள்ல மின்னழுத்தம் வரும், பிளஸ் டூ இயற்பியல். அந்தக் குட்டி மின்னழுத்தம் ஹெட்போன் ஜாக்கோட மைக் முனைக்குப் போகுது. போன் என்ன நினைக்குது? யாரோ பேசறாங்கன்னு நினைக்குது! உங்க கார்டு நம்பரை அது சத்தமா கேக்குது.

அந்தச் சத்தத்துல இருந்து எண்ணை எப்படி எடுக்கறாங்கங்கிறது அழகான விஷயம். பட்டையில் ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரே நீளம். பிட் முடியற எல்லையில் காந்தத்தோட திசை கட்டாயம் திரும்பும். நடுவுல இன்னொரு தடவை திரும்பினா அது 1, திரும்பலைன்னா 0. இதனால நீங்க வேகமா தேய்ச்சாலும் மெதுவா தேய்ச்சாலும் பரவாயில்ல. முந்தின பிட்டுக்கு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு பாத்து அடுத்ததை அளந்துக்கலாம். கார்டு நம்பரும் காலாவதி தேதியும் இருக்கிற ரெண்டாவது தடத்துல, ஒரு அங்குலத்துக்கு 75 பிட். கார்டு முழு நீளத்துக்குச் சுமார் 250. அரை நொடியில் தேய்ச்சா, நொடிக்கு 44,100 தடவை ஒலியை அளக்கிற போனுக்கு ஒவ்வொரு பிட்டுக்கும் கிட்டத்தட்ட 90 அளவு கிடைக்கும். தாராளம்!

நான் சும்மா விடுவேனா? ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு பழைய கேசட் ஹெட் வாங்கி, நாலு முனை ஆடியோ பின்ல சால்டர் பண்ணி, காலாவதியான என் கார்டைத் தேய்ச்சு லேப்டாப்ல ரெக்கார்ட் பண்ணேன். ஹெட்போன்ல கேட்டா "ஸ்ர்ர்ப்"னு ஒரு சத்தம், துணியைக் கிழிச்ச மாதிரி. அலையைப் பெருசு பண்ணிப் பாத்தா சீரான முட்கள், நடுநடுவே நெருக்கமா இரட்டை முட்கள். ஒரு ராத்திரி பைத்தான்ல மல்லாடினதுக்கு அப்புறம் என் கார்டோட 16 இலக்கமும் திரையில் வந்தது. சந்தோஷம் ஒரு நிமிஷம். அடுத்த நிமிஷமே, "அட, இவ்வளவு ஈஸியா!"ன்னு வயித்துல ஒரு புளி.

அந்தப் புளியைத்தான் வெரிஃபோன் 2011 மார்ச்ல கரைச்சது. அதோட தலைவர் டக் பெர்ஜெரான் ஒரு திறந்த கடிதமும் வீடியோவும் வெளியிட்டார். ஸ்கொயரோட ரீடர் கார்டு விவரத்தைக் குறியாக்கம் பண்ணவே இல்ல, ஒரு மணி நேரத்துக்குள்ளே கார்டு திருடற ஆப் ஒண்ணை எழுதிட்டோம், எல்லா ரீடரையும் திரும்ப வாங்குங்கன்னார். தொழில்நுட்ப ரீதியா அவர் சொன்னது சரி. என் கேசட் ஹெட்டே சாட்சி. ஆனா டோர்சியோட பதிலும் சரிதான்: ஹோட்டல்ல சர்வர் கையில் கார்டைக் கொடுக்கும்போதும் இதே ஆபத்து இருக்கு, அவர் நம்பரைப் பாத்து எழுதிக்கலாமே. பட்டையில் இருக்கிறது மாறாத எண். ஒரு தடவை பாத்தவனுக்கு எப்பவும் தெரியும். அந்த ஓட்டை ரீடர்ல இல்ல, இஸ்திரி போட்டு ஒட்டின அந்தப் பட்டையிலேயே இருக்கு.

சண்டையில் ஜெயிச்சது யாருன்னு அடுத்த மாசமே தெரிஞ்சது. ஏப்ரல் 2011-ல் விசாவே ஸ்கொயர்ல முதலீடு பண்ணுச்சு. பின்னாடி வந்த ரீடர்கள் குறியாக்கத்தோட வந்தன.

கண்டுபிடிச்சது யாருங்கிறதுலயும் ஒரு வழக்கு இருக்கு. செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் மோர்லி, அந்த ரீடரை வடிவமைச்சது நான், என்னைக் கழட்டி விட்டுட்டாங்கன்னு 2014-ல் வழக்குப் போட்டார். 2016-ல் ஸ்கொயர் 5 கோடி டாலர் கொடுத்து சமரசம் பண்ணுச்சு. ஸ்டார்ட்அப் கதைகளுக்குத் தள்ளுபடி போடணும்னு சொன்னேன் இல்லையா, இதுவும் ஒரு காரணம்.

ஆனா ஜாக் தந்திரத்தை யாரும் காப்பி அடிக்கலாம், அடிச்சாங்க. ஸ்கொயரோட உண்மையான துணிச்சல் வேற இடத்துல. சின்ன வியாபாரிகள் ஒவ்வொருத்தரையும் வங்கி வாசலுக்கு அனுப்பாம, "எல்லாருக்கும் சேர்த்து நானே பெரிய வியாபாரி"ன்னு நடுவுல நின்னுச்சு. ஏமாத்தினா முதல் அடி ஸ்கொயருக்கு. அதனால மாச வாடகை இல்ல, ஒப்பந்தம் இல்ல. ரீடர் இலவசம். அப்போ ஒரு தேய்ப்புக்கு 2.75 சதவீதம், அவ்வளவுதான். முன்கூட்டியே ஜாதகம் பாக்கிறதுக்குப் பதிலா, உள்ளே விட்டுட்டு நடவடிக்கையைக் கவனிக்கிறது. மெழுகுவர்த்தி விக்கிறவர் திடீர்னு 9,000 டாலருக்கு ஒரு பில் போட்டா, சாஃப்ட்வேர் மணி அடிக்கும். கண்ணாடி ஊதறவருக்கு பனாமா விற்பனையில் கிடைக்காதது இதுதான்.

அதே காலத்துல ஸ்வீடன்லயும் ஒரு கதை. ஜேக்கப் டி கியரோட மனைவி கண்காட்சிகள்ல கூலிங் கிளாஸ் வித்தாங்க, கார்டு வாங்க முடியல. 2010-ல் அவர் ஐசெட்டில்னு ஒரு கம்பெனியை ஆரம்பிச்சார். ஐரோப்பாவில் அப்பவே சிப் கார்டு வந்தாச்சு, ஹெட்போன் ஜாக் வித்தை அங்கே போதாது. ஐசெட்டிலோட முதல் ரீடர் சிப்பைப் படிச்சது, ஆனா பின் நம்பருக்குப் பதிலா திரையில் கையெழுத்து. 2012-ல் விசா அதை நார்வே, டென்மார்க், பின்லாந்து நாடுகளில் நிறுத்திடுச்சு. பின் நம்பர் அடிக்கிற, ப்ளூடூத்ல போனோட பேசற ரீடர் செஞ்சுதான் பிரச்சனையைத் தாண்டினாங்க. இன்னைக்கு வயரில்லாத ரீடர்னு நாம பாக்கிறது இந்த உருவம்தான்.

2013-ல் ஸ்டாக்ஹோம்ல வீடில்லாதவங்க தெருவில் நின்னு விக்கிற "சிச்சுவேஷன் ஸ்டாக்ஹோம்" பத்திரிகை, அதோட விற்பனையாளர்கள் கையில் இந்த ரீடரைக் கொடுத்துச்சு. ஸ்வீடன்ல மக்கள் பையில் காசு வச்சுக்கிறதே குறைஞ்சு போச்சு. "வாங்கணும்னுதான் ஆசை, சில்லறை இல்லையே"ங்கிற பதில் அவங்களுக்குப் பழகிப்போன ஒண்ணு. முகவரியே இல்லாத ஒருத்தர் தெருமுனையில் நின்னு, "பரவாயில்ல, கார்டு வாங்கிக்கிறேன்"னு சொல்றார். பழைய வங்கி ஜாதகத்துல முதல் கேள்வியே முகவரிதான். இந்த வரலாற்றில் எனக்குப் பிடிச்ச காட்சி இதுதான்.

நம்ம ஊர்ல? 2013 டிசம்பர்ல இருந்து டெபிட் கார்டைக் கடையில் தேய்ச்சா பின் நம்பர் கட்டாயம்னு ரிசர்வ் வங்கி வச்சுச்சு. அதனால ஸ்கொயர் மாதிரி வெறும் தேய்ப்பு ரீடருக்கு இங்கே எதிர்காலம் இல்ல. ஈஸிடேப், எம்ஸ்வைப் மாதிரி கம்பெனிகள் போனோட சேர்ந்து வேலை செய்ற சின்ன மிஷினைக் கொண்டு வந்தாங்க. இருந்தும், 2016 நவம்பர்ல பணமதிப்பிழப்பு அறிவிச்சப்போ இவ்வளவு பெரிய நாட்டுல மொத்தமே சுமார் 15 லட்சம் கார்டு மிஷின்தான். "கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் எக்ஸ்ட்ரா தம்பி"ங்கிற குரலை நீங்களும் கேட்டிருப்பீங்க. அப்புறம் யுபிஐ வந்து, மிஷினுக்குப் பதிலா ஒரு ஒட்டின காகிதம் போதும்னு ஆயிடுச்சு. 2020 ஜனவரியில் இருந்து யுபிஐக்குக் கடைக்காரர் கட்டணமும் பூஜ்யம். இதுல பணம் கணக்கிலிருந்து கணக்குக்கு உடனே போயிடுது, நஷ்டத்தைத் தாங்க நடுவுல யாரும் பெருசா நிக்க வேண்டியதில்ல. ஆனா தப்பான கடைக்கு அனுப்பிட்டா அதைத் திரும்ப வாங்க நீங்க அலையற அலைச்சலும் அதனாலதான்.

அமெரிக்காவில் சண்டை தொடர்ந்துச்சு. 2015 அக்டோபர் 1-ல் ஒரு விதி வந்தது: சிப் கார்டை யாராவது பழைய மிஷின்ல தேய்ச்சு, அது போலின்னு தெரிஞ்சா, நஷ்டம் மிஷினை மாத்தாத கடை பக்கம். பாருங்க, மறுபடியும் யார் தலையில். அடுத்த வருஷம் ஐபோன் 7-ல் ஆப்பிள் ஹெட்போன் ஜாக்கையே தூக்கிட்டாங்க. அதுக்குள்ளே ஸ்கொயர் ப்ளூடூத் ரீடருக்கு நகர்ந்தாச்சு.

2020-ல் என்ன நடந்ததுன்னும் சொல்லணும். கொரோனா ஊரடங்கு நேரம். ஸ்கொயர்ல இருந்த சில சின்ன வியாபாரிகளுக்கு ஒரு செய்தி வந்தது: உங்க வசூல்ல 20, 30 சதவீதத்தை நாங்க சில மாசம் பிடிச்சு வைக்கிறோம். நியூயார்க் டைம்ஸ்ல இது வெளியாச்சு. வாடிக்கையாளர் யாரும் புகார் பண்ணாத வியாபாரிங்களும் அதுல இருந்தாங்க. கம்பெனி சொன்ன காரணம் சார்ஜ்பேக் பயம். கணக்கா பாத்தா புரியுது: கடைகள் மூடினா நடுவுல நிக்கிறவன் கட்டணும். ஆனா அந்த நேரத்துல வாடகைக்கு அல்லாடினவங்களுக்கு 30 சதவீதம்னா என்ன? வங்கி உங்களை வாசல்லயே நிறுத்துச்சு. இவங்க உள்ளே கூப்பிட்டு, பையைப் பிடிச்சுக்கிட்டாங்க. முன்னாடி மேலாளர் முகத்தைப் பாத்து வாதாடலாம். இப்போ முடிவெடுக்கிறது என்னை மாதிரி ஒருத்தன் எழுதின ஒரு விதி. அது மணி அடிச்சா ஏன் அடிச்சதுன்னு சப்போர்ட்ல இருக்கிறவங்களுக்கும் தெரியாது. "வரம்பை 0.7-ல வைக்கலாமா, 0.8-ல வைக்கலாமா"ன்னு ஆபீஸ்ல நாங்க மீட்டிங்ல பேசறோம். அந்த 0.1-க்குள்ளே எத்தனை பேரோட மாச வாடகை இருக்குன்னு யாரும் ஸ்லைடு போட்டு நான் பாத்ததில்ல.

2022 பிப்ரவரியில் ஆப்பிள் ஒரு அறிவிப்பு விட்டுச்சு: ஐபோன் மேல கார்டைத் தட்டினாலே போதும், தனி ரீடரே வேண்டாம். மெக்கெல்வி 2009-ல் கேட்ட கேள்விக்கு அச்சு அசலான பதில். வெள்ளைச் சதுரம், ஜாக், ப்ளூடூத் எல்லாம் கரைஞ்சு போச்சு. ஆப்ல கணக்கு தொடங்கும்போது வர்ற நீளமான ஒப்பந்தம் மட்டும் அப்படியே இருக்கு. பணத்தை எப்போ, எவ்வளவு, எத்தனை நாள் பிடிச்சு வைக்கலாம்னு அதுல ஒரு பகுதி இருக்கும். கடை வச்சிருக்கிற நண்பர்கள் யாராவது கேட்டுக்கிட்டு இருந்தா, இன்னைக்கு ராத்திரி அந்தப் பகுதியைத் திறந்து படிங்க. என்ன இருந்ததுன்னு எனக்கு எழுதுங்க, அடுத்த எபிசோட்ல அதை வரி வரியா எடுத்துப் பேசுவோம்.